வைக்கோற் காய்ச்சலின் வரலாறு

நோய்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கொள்ளைநோயையும் பெரியம்மையையும் வாந்திபேதியையுமே தம் பொருளாகக் கொண்டனர். அவை நகரங்களைப் பாழாக்கிப் படைகளை அழித்த நோய்கள். ஆண்டுதோறும் சில வாரங்கள் தும்மச் செய்து, கண்ணைச் சிவக்கச் செய்து, பின்னர்த் தானே நீங்கிவிடும் ஒரு நோய்க்கும் வரலாறு உண்டெனப் பலர் கருதுவதில்லை. ஆயினும் ஆங்கில நாட்டிலே வைக்கோற் காய்ச்சல் என வழங்கும் அந்நோயின் காரணம் ஐயமற நிறுவப்படுவதற்கு, அது முதன்முதல் விரிவாக எழுதப்பட்ட நாளிலிருந்து எண்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றன. அக்காரணமோ கோடைதோறும் புல்வெளிகளிலிருந்து எழுந்து அனைவர் மூக்கினுள்ளும் புகுந்துகொண்டிருந்தது.

இந்நோயின் பெயரே இருவகையில் வழுவுடையது. வைக்கோல் என்றதும் தமிழர் மனத்தில் எழுவது நெற்கதிரை அடித்தபின் எஞ்சும் தாள். ஆங்கிலேயர் கருதும் பொருள் அதுவன்று. மாரிகாலத்திற் கால்நடைக்கு உணவாகும்பொருட்டு, பூக்கும் பருவத்திலே கொய்து வெயிலில் உலர்த்திய மேய்ச்சற் புல்லே அது. அவ்வுலர்புல்லும் நோயைத் தருவதன்று. அப்புல் பூத்து நிற்குங்காற் சொரியும் மகரந்தமே தருவது. இனிக் காய்ச்சலோவெனின், இந்நோயில் உடல் வெப்பம் குறிப்பிடத்தக்க அளவு உயர்வதில்லை. வழுவுடைய பெயர்கள் நிலைத்துவிடுதல் வைத்திய நூலிற் புதிதன்று. எனினும் இப்பெயர் நிலைத்த கதையும் நோயின் காரணத்தைத் தேடிய கதையும் ஒன்றோடொன்று பின்னியவை.

1819ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16ஆம் நாள் இலண்டன் வைத்தியர் கழகமொன்றில் ஜோன் பொஸ்ரொக் என்பார் ஒரு கட்டுரை வாசித்தார். கண்ணையும் மார்பையும் பருவந்தோறும் பற்றும் ஒரு நோயைப் பற்றியது அது. நோயாளி 46 வயதினர். எட்டாம் வயது முதலாக ஒவ்வோராண்டும் யூன் மாதத்திற் கண்கள் அரித்துச் சிவந்து நீர் சொரியும். பின்னர் இடைவிடாத் தும்மல். அதன்பின் மார்பு இறுகி மூச்சுத் திணறும். யூலை இறுதியோடு யாவும் ஓய்ந்துவிடும். அந்நோயாளியின் பெயரை இரண்டு எழுத்துக்களால் மட்டும் பொஸ்ரொக் குறித்தார். அவ்விரண்டும் அவருடைய பெயரின் முதலெழுத்துக்களே. குருதி வடித்தல், பேதி மருந்து, அபின், இரசம், குளிர்நீராட்டு எனத் தம் உடம்பின்மேற் செய்து பார்த்த மருத்துவங்களின் நீண்ட பட்டியலையும் அவர் தந்துள்ளார். எதனாலும் நிலையான பயன் விளையவில்லை.

இன்னும் ஒன்பது ஆண்டுகள் அவர் தம்மையொத்த நோயாளரைத் தேடினார். 1828இல் வெளியிட்ட இரண்டாவது கட்டுரையிலே அவர் திரட்டிக் கூறிய நோயாளர் 28 பேரே. நோய்க்கு வேனிற் சளி எனப் பொருள்படும் இலத்தீன் பெயரொன்றைச் சூட்டினார். புதிய உலர்புல்லின் மணமே நோய்க்குக் காரணமெனப் பொதுமக்கள் அப்போதே பேசத் தொடங்கியிருந்தனர். 'வைக்கோற் காய்ச்சல்' என்னும் வழக்கு பிறந்தது அதனாலேயே. பொஸ்ரொக் அதனை ஏற்றிலர். வெயிலும் வெப்பமும் உடலுழைப்புமே காரணம் என்பது அவர் துணிபு. அதற்குச் சான்றும் அவரிடமிருந்தது. ராம்ஸ்கேற் என்னும் கடற்கரையூரிலே, கடலை நோக்கிய குன்றின்மேல் ஒரு வீட்டை வாடகைக்குப் பெற்று, வெயிற்காலத்தில் வெளியே செல்லாது தங்கியபோது நோய் பெரிதும் தணிந்தது.

ஈண்டுச் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். கடலிலிருந்து வீசும் காற்றில் மகரந்தம் மிகக் குறைவு. பொஸ்ரொக் கண்ட குணம் உண்மை. அதற்கு அவர் கற்பித்த காரணமோ பிழை. வெயில் மிகுந்த நாளிலேயே புல் மிகுதியாகப் பூந்துகள் சொரியும். ஆதலின் வெயிலை அஞ்சியவர் தம்மையறியாமலே மகரந்தத்தையும் தவிர்த்தார். இரண்டு நிகழ்ச்சிகள் எப்போதும் சேர்ந்தே வருமாயின், அவற்றுள் எது காரணம் எது துணை என்பதை வெறும் நோக்கலினால் மட்டும் வேறுபடுத்த இயலாது. ஒன்றை நீக்கி மற்றதைத் தனியே செலுத்திப் பார்க்கும் சோதனை வேண்டும். பொஸ்ரொக் நுண்ணிய நோக்கினர், இரசாயனமும் கற்றவர், ஆயினும் இச்சோதனை அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த நாற்பது ஆண்டுகளிற் கருத்துக்கள் பெருகின, சோதனைகள் பெருகவில்லை. 1829இற் கோர்டன் என்னும் வைத்தியர், இனிய மணமுடைய ஒருவகை மேய்ச்சற் புல்லின் பூமணமே நோயைத் தருவதென எழுதினார். 1831ஐ அடுத்து எலியற்சன் என்னும் புகழ்பெற்ற வைத்தியர் மகரந்தமே காரணமாகலாம் என்றார். உண்மையை முதலில் உரைத்தவர் அவர் எனலாம். ஆனால் உரைத்தாரேயன்றி நிறுவினாரல்லர். ஜேர்மனியிலே கீசென் நகரப் பேராசிரியர் பீபஸ், பல நாட்டு வைத்தியருக்கும் வினாக்கள் அனுப்பி விடைகளைத் திரட்டி 1862இற் பெரியதொரு நூல் எழுதினார். கோடையின் முதல் வெப்பமே முதன்மைக் காரணம் என்பது அதன் முடிபு. பௌதிகப் பேரறிஞர் ஹெல்ம்ஹோல்ற்ஸ் தாமே இந்நோயால் வருந்தியவர். தம் மூக்குச் சளியை நுணுக்குக்காட்டியில் நோக்கி, அதிலே நுண்ணுயிர்களைக் கண்டு, அவையே காரணமெனக் கொண்டார். மல்லாந்து படுத்து மூக்கினுட் கொயினாக் கரைசலை வார்த்துக்கொண்டு சுகமும் கண்டார். 1869இல் இச்செய்தி வெளிவந்ததும் பலர் கொயினாவை நாடினர். அத்துணைப் பெரிய விஞ்ஞானியும் தம் உடம்பை ஆராயப் புகுந்தவிடத்து, ஒரே உடம்பிற் கண்டதனைப் பொது விதியாகக் கொண்டமை வியப்பிற்குரியது.

இந்நிலையை மாற்றியவர் மான்செஸ்டர் நகரில் வைத்தியம் புரிந்த சார்ள்ஸ் ஹரிசன் பிளாக்லி. 1820இற் பிறந்த அவர் இளமையில் அச்சுத்தொழிலில் இருந்து, முப்பது வயது கடந்தபின் வைத்தியம் பயின்றவர். ஓமியோபதி முறையைப் பின்பற்றியவர். பல்கலைக்கழகப் பதவியோ ஆராய்ச்சிசாலையோ அவருக்கு இல்லை. அவரிடமிருந்தவை ஒரு நுணுக்குக்காட்டியும், பல ஆண்டு வைக்கோற் காய்ச்சலால் வருந்திய தம் உடம்புமே. 1859இல் ஆராய்ச்சியைத் தொடங்கி 1873இல் நூலை வெளியிட்டார்.

அவர் சென்ற வழி எளியது. ஆனால் அதுவரை ஒருவரும் செல்லாதது. முன்னோர் கூறிய காரணங்கள் அனைத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தம்மீது தனித்தனியே சோதித்தார். வெப்பம், ஒளி, ஓசோன், உலர்புல்லின் மணத்திற்குக் காரணமான கூமரின் முதலிய பொருள்கள் யாவும் சோதிக்கப்பட்டன. எதுவும் அவருடைய நோயைப் பிறப்பிக்கவில்லை. தூசியைச் சோதித்த விதமும் குறிப்பிடத்தக்கது. நாட்டுப்புறச் சாலையில் வண்டியொன்று எழுப்பிய தூசி அவருக்குக் கடுந்தும்மலை உண்டாக்கிற்று. வேறொருவராயின் தூசியே காரணமென முடித்திருப்பர். பிளாக்லி அத்தூசியை நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்து நோக்கினார். அதிலே புல்லின் மகரந்தமணிகள் கிடந்தன.

அதன்பின் மகரந்தத்தையே எடுத்துக்கொண்டார். மூக்கினுட் செலுத்தினார்; தும்மலும் நீரும் பெருகின. கண்ணில் இட்டார், இமை வீங்கிற்று. மூச்சில் உட்கொண்டார், மார்பு இறுகிற்று. தம் கையின் தோலை இலேசாகச் சுரண்டி, இத்தாலிய ரைப்புல்லின் மகரந்தத்தை ஈரமாக்கி அதன்மீது வைத்துக் கட்டினார். சிறிது நேரத்தில் அவ்விடம் அரித்துத் தடித்தெழுந்தது. மகரந்தமின்றி அதே முறையிற் சுரண்டிக் கட்டிய மற்றக் கையில் அத்தடிப்பு எழவில்லை. இம்மற்றக் கையே பிளாக்லியின் பெருமை. பொஸ்ரொக்கும் ஹெல்ம்ஹோல்ற்சும் தத்தம் உடம்பையே கருவியாகக் கொண்டவர், பிளாக்லியும் அவ்வாறே. ஆனால் ஒப்புநோக்குதற்கு ஒன்றை அருகே வைத்தவர் இவர் ஒருவரே. ஒவ்வாமை வைத்தியசாலைகளில் இன்று நிகழும் தோற் சோதனைக்கு மூலம் அதுவே.

அடுத்து எழுந்தது அளவைப் பற்றிய வினா. மகரந்தம் நோயைத் தரவல்லது என்பது ஒன்று. அத்துணை மகரந்தம் காற்றில் உண்மையாகவே இருக்கின்றது என்பது பிறிதொன்று. கிளிசரின் கலந்த ஒட்டும் பூச்சைக் கண்ணாடித் துண்டுகளிற் பூசி, மனிதர் மூச்சுவிடும் உயரத்திலே திறந்தவெளியில் வைத்து, நாடோறும் அவற்றிற் படிந்த மணிகளை எண்ணினார். படிந்தவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவின புல்லின் மகரந்தமே. அவற்றின் தொகை ஏறியபோது அவர் நோயும் ஏறியது. மழையாற் குறைந்தபோது நோயும் குறைந்தது. பின்னர்ப் பட்டங்களை ஒன்றோடொன்று தொடுத்து ஏற்றி, ஆயிரம் அடிக்கு மேலும் கண்ணாடித் துண்டுகளை அனுப்பினார். நிலத்தருகே உள்ளதிலும் பன்மடங்கு மகரந்தம் மேலே கிடைத்தது. புல்வெளியே இல்லாத நகரின் நடுவிலும் நோய் வருவதேன் என்பதற்கு அங்கே விடை கிடைத்தது. நூலின் படியைப் பெற்ற சார்ள்ஸ் டார்வின், இத்துணைச் சிறிய அளவு மகரந்தம் இத்துணைத் துன்பம் செய்வதை வியந்து பிளாக்லிக்கு எழுதினார்.

பூக்கள் பலவிருக்கப் புல் மட்டும் இத்துணைத் துன்பம் செய்வதேன் எனின், அது அதன் பிறப்பியல்பு. நெல், கோதுமை, கரும்பு, மூங்கில், அறுகு யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வண்ணமும் தேனும் உடைய பூக்கள் வண்டை அழைக்கின்றன. அவற்றின் மகரந்தம் பசையுடையது, கனமானது, காற்றில் அதிகம் பறவாது. புல்லின் பூவுக்கு வண்ணமுமில்லை, தேனுமில்லை. காற்றே அதற்குத் தூது. எங்கோ நிற்கும் மற்றொரு பூவை எதிர்ப்பட வேண்டுமாயின் இலேசான உலர்ந்த துகளை அளவின்றிச் சொரிதல் வேண்டும். அவ்வாறு சொரிந்தவற்றுட் பெரும்பகுதி வீணே போகின்றது. அவ்வீணிற் சிறுபகுதி மனிதர் மூக்கை அடைகின்றது. பசுமையான மேய்ச்சல் நிலங்களைப் பரக்க உண்டாக்கிய நாடுகளில் இந்நோய் மிகுந்தமை இயல்பே.

இங்ஙனம் தெளிந்த முடிபை வைத்திய உலகம் எளிதில் ஏற்றதா எனின், இல்லை. கிருமிக் கொள்கை தலையெடுத்த காலம் அது. எந்நோய்க்கும் ஒரு கிருமியைத் தேடினர். ஓமியோபதி வைத்தியரின் சொல்லுக்கு ஏனையோர் செவிசாய்க்காமையும் ஒரு காரணமாகலாம். அவற்றிலும் பெரியதொரு தடை இருந்தது. பொஸ்ரொக் தம் காலத்திலேயே ஒன்றைக் கண்டார்: தமக்குக் கிடைத்த நோயாளர் யாவரும் செல்வரோ நடுத்தரத்தாரோ ஆவர்; ஏழைகள் மருந்து பெறும் நிலையங்களில் வினவியும் தெளிவான நோயாளர் ஒருவர்தாமும் கிடைத்திலர். பிளாக்லி கண்டதும் அதுவே. மகரந்தமே காரணமாயின், கோடை முழுவதும் அதில் மூழ்கிப் புல் அறுக்கும் உழவரன்றோ முதலில் வருந்துதல் வேண்டும்? அவர்களோ பெரும்பாலும் நலமாயிருந்தனர். நகரத்துக் குருமாரும் வழக்கறிஞரும் வைத்தியருமே தும்மினர்.

இவ்வினாவைப் பலர் தம் தற்பெருமைக்கு இசைய விடுத்தனர். அமெரிக்க வைத்தியர் ஜோர்ஜ் பியர்ட் 1876இல் எழுதிய நூலில், நாகரிக வாழ்வினால் நொந்த நரம்பின் விளைவே இந்நோய் என்றார். அந்நாட்டில் இலையுதிர் காலத்து நோய்க்குக் காரணமாவது ராக்வீட் என்னும் களை. அது புல்லன்று, சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. மொரில் வைமன் என்னும் ஹாவார்ட் பேராசிரியர் தாமும் அந்நோயாளர். நோயணுகாத வெள்ளை மலைப் பகுதிக்கு அக்களையைப் பொதியிற் கொண்டுசென்று, அங்கேயும் தும்மிக் காட்டி, 1872இல் நூலெழுதினார். அவ்வாறிருந்தும் நரம்புக் கொள்கையே செல்வரைக் கவர்ந்தது. 1874இல் அம்மலைப் பகுதியிலே வைக்கோற் காய்ச்சற் சங்கமொன்று தோன்றிற்று. கோடைதோறும் அங்கே சென்று தங்குதல் மதிப்பிற்குரிய வழக்கமாயிற்று; நோயே உயர்குடிப் பிறப்பின் அடையாளம் போலாயிற்று. பிளாக்லியோ உழவர் விடயத்தில் நிதானமாகப் பேசினார். கல்வியாற் பண்பட்ட உடலமைப்பு நோயை ஏற்கும் தன்மை பெறுதல் கூடும். அல்லது இடைவிடாது மகரந்தத்திற் பழகிய உடம்பு அதனைத் தாங்கும் வலிமை பெறுதல் கூடும் என இரண்டையும் எடுத்துரைத்தார். மக்கள் நாட்டுப்புறத்தை விட்டு நகரத்தை அடையுந்தோறும் நோய் பெருகும் எனவும் எதிர்பார்த்தார். அவர் 1900இற் காலமானார்.

மூன்றாண்டு கழித்து ஹம்பேர்க் நகரச் சுகாதார நிலையத் தலைவர் டன்பார், மகரந்தத்திலிருந்து பிரித்தெடுத்த புரதக் கரைசலே நோயை விளைப்பதைக் காட்டியபின் ஐயம் நீங்கிற்று. அவரும் அதே நோயாளர். மகரந்தம் ஒரு நஞ்சு என அவர் கொண்டார்; குதிரைகளுக்கு அதனை ஏற்றிப் பெற்ற நீர்ப்பாயத்தை மருந்தாக விற்பனைக்கும் விட்டார். 1906இல் வியன்னா வைத்தியர் பொன் பிர்கே, உடம்பு ஒரு பொருளுக்கு மாறுபட்டு எதிர்வினை புரிதலைக் குறிக்க 'அலர்ஜி' என்னும் சொல்லை ஆக்கினார். தமிழில் ஒவ்வாமை என வழங்குவது அதுவே. நஞ்சு மகரந்தத்தில் இல்லை, அதனை ஏற்கும் உடம்பின் மறுப்பிலேயே குற்றம் உள்ளது என்னும் கருத்து மெல்ல வேரூன்றிற்று.

1911இல் இலண்டன் புனித மரியாள் வைத்தியசாலையில் லெனாட் நூன், திமொதிப் புல்லின் மகரந்தக் கரைசலை மிகச் சிறிய அளவிலிருந்து படிப்படியாக ஏற்றி ஊசிமூலம் செலுத்தினார். நோயாளர் கண்ணில் ஒரு துளி இட்டு, எவ்வளவு மென்கரைசலுக்குக் கண் சிவக்கின்றது என அளந்து, தாங்குவன்மை ஏறுவதைக் கணித்தார். மகரந்தத்தை நஞ்சென்றே அவரும் கருதினார். பெரியம்மைப் பால் குத்துவது போன்றதே தம் செயலென நினைத்தார். பிழையான கொள்கையிலிருந்து பயனுள்ள மருத்துவம் பிறந்தமைக்கு இஃது இன்னோர் எடுத்துக்காட்டு. காசநோயால் அவர் 1913இல் இளமையிலேயே இறக்க, தோழர் ஜோன் பிறீமன் அப்பணியைத் தொடர்ந்தார். ஆனால் அம்மருத்துவமும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக 'மற்றக் கை' இன்றியே நடைபெற்றது. 1954இல் அதே வைத்தியசாலையைச் சேர்ந்த பிராங்லண்ட், ஒகஸ்ரின் அம்மையாருடன் சேர்ந்து, 200 நோயாளரைப் பிரித்து, சிலருக்கு மகரந்தச் சத்தும் சிலருக்கு அதன் பயனற்ற மாற்றும் இன்னாருக்கு இன்னது என வெளிப்படாதவாறு செலுத்திச் சோதித்தார். மெய்ம்மருந்து பெற்றோருள் 79 வீதத்தினர் நன்கு குணங்கண்டனர். மாற்றுப் பெற்றோருள் 33 வீதத்தினர். அவ்வைத்தியர் 2020இல் 108ஆம் வயதில் மறைந்தார்.

உடம்பினுள் நிகழ்வது யாதென்பது 1966, 1967 ஆண்டுகளிலே தெளிந்தது. அமெரிக்காவிற் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதியரான இஷிசாக்காவும், சுவீடன் அறிஞர் ஜொஹான்சன், பென்னிக் இருவரும் தனித்தனியே ஒரு புதிய பிறபொருளெதிரியைக் கண்டனர். 1968இல் அதற்கு இம்யூனோகுளோபுலின் ஈ எனப் பெயரிடப்பட்டது. தீங்கற்ற புற்றுகளைப் பகையென மயங்கும் உடம்பு இதனைப் பெருக்கி வைத்துக்கொள்கின்றது. அது மூக்கிலும் மூச்சுக்குழாயிலுமுள்ள சிலவகைக் கலங்களிற் பற்றி நிற்கின்றது. அடுத்த முறை மகரந்தம் வந்து தீண்டியதும் அக்கலங்கள் ஹிஸ்டமின் முதலியவற்றைச் சொரிகின்றன. தும்மலும் வீக்கமும் நீரொழுக்கும் அதன் பயன்.

உழவர் பற்றிய வினாவோ நெடுங்காலம் கிடப்பில் இருந்தது. 1989இல் டேவிட் ஸ்ரகான் என்னும் ஆங்கில ஆய்வாளர், 1958இல் ஒரே வாரத்திற் பிறந்த 17,414 பிள்ளைகளின் வாழ்க்கைக் குறிப்புக்களை ஆராய்ந்தார். மூத்த உடன்பிறந்தார் மிகுந்தோருக்கு வைக்கோற் காய்ச்சல் குறைவென்பது புலனாயிற்று. இளமையில் ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றும் நோய்கள் உடம்பைப் பழக்குகின்றன போலும் என அவர் உரைத்தார். அதனையடுத்துச் சுவிற்சர்லாந்திலும் பவேரியாவிலும் நிகழ்ந்த ஆய்வுகளில், மாட்டுத் தொழுவத்தோடு வளர்ந்த உழவர் பிள்ளைகளுக்கு இந்நோய் குறைவெனக் காணப்பட்டது. விளக்கம் இன்றும் முற்றுப்பெறவில்லை. ஆயினும் பிளாக்லி முன்வைத்த இரண்டனுள் நரம்பும் கல்வியும் வீழ்ந்தன. பழக்கம் என்பது உருமாறி நிலைபெற்றது.

இனி மார்பிறுக்கம் ஒன்று எஞ்சுகின்றது. பொஸ்ரொக் தொடக்கத்திலேயே கூறிய குறி அது. எனினும் மூக்கு நோயின் சிறு துணை என்றே பலகாலம் எண்ணப்பட்டது. புல்லின் மகரந்தமணி ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரின் முப்பதில் ஒரு பங்கு அகலமுடையது. மூக்கிலும் தொண்டையிலும் தங்குமேயன்றி ஆழ்ந்த மூச்சுக்குழாய்களை அடைதல் அரிது. அங்ஙனமாயின் தொய்வு உண்டாவதெப்படி? 1992இல் மெல்பேண் நகர அறிஞர் விடை கண்டனர். ரைப்புல்லின் மணி நீரை ஏற்றதும் வெடிக்கின்றது. ஒவ்வொரு மணியிலிருந்தும் ஏறக்குறைய 700 மாப்பொருட் சிறுமணிகள் வெளிப்படுகின்றன. ஒவ்வாமை தரும் புரதத்தைச் சுமந்த அவை நுரையீரலின் அடிவரை செல்லத்தக்க நுண்மையுடையன. இடிமழைக்கு முன் எழும் காற்று மகரந்தத்தை மேகம்வரை ஏற்றி, அங்கே ஈரத்தில் உடையச் செய்து, குளிர்காற்றோடு நிலத்தருகே இறக்கிவிடுகின்றது. 1994 யூன் 24ஆம் நாள் மாலை இடிமழைக்குப் பின் இலண்டன் பகுதி வைத்தியசாலைகளை 30 மணி நேரத்தில் 640 பேர் மூச்சுத்திணறலோடு அடைந்தனர். அவருள் 283 பேர் முன்பு தொய்வு நோயாளரென அறியப்படாதவர்.

2016 நவம்பர் 21ஆம் நாள் மெல்பேணிலேயே அது பெருமளவில் நிகழ்ந்தது. ஐரோப்பியர் மேய்ச்சலுக்கெனக் கொணர்ந்து பரப்பிய ரைப்புல் நகரின் புறத்தே பூத்து நின்ற காலம் அது. வெப்பம் மிகுந்த பகலின் முடிவில் இடிமழை வந்தது. அடுத்த முப்பது மணி நேரத்தில், வழக்கமான தொகைக்கு மேலாக மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் வைத்தியசாலை வாயில்களில் மூச்சுக்குப் போராடினர், நோயாளர் வண்டிகள் போதாவாயின, பத்துப்பேர் இறந்தனர். வந்தோரிற் பலருக்கு அதற்குமுன் தொய்வு இருந்ததில்லை. பெரும்பாலானோர் கோடைதோறும் தும்மிவந்தவர். அது ஒரு நோயென எண்ணி வைத்தியரை நாடாதோரும் அவருள் இருந்தனர். விக்ரோறிய மாநில அரசு 2017 முதல், புல் பூக்கும் பருவத்தில் மகரந்தத்தின் அளவையும் காற்றின் போக்கையும் சேர்த்துக் கணித்து, இடிமழைத் தொய்வுக்கு நாடோறும் முன்னறிவிப்பு வெளியிட்டு வருகின்றது. மகரந்தத்தை எண்ணுவோர் இன்றும் ஒட்டும் பூச்சுப் பூசிய பரப்பிற் படிந்த மணிகளை நுணுக்குக்காட்டியின்கீழ் எண்ணுகின்றனர்.